பின்னால் வருபவளின் குற்றம்

எங்கள் பக்கத்தில் சைக்கிள் பந்தயத்தில் யாராவது விழுந்தால் விசாரணை அரை நிமிடத்தில் முடிந்துவிடும். முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தில் யாருடைய முன்சக்கரம் உரசியதோ, குற்றம் அவருடையது. பின்னால் வருகிறவர்தான் பார்த்து வர வேண்டும். எலும்பு முறிந்து ஆம்புலன்ஸில் ஏறுகிறவர்கூட "என் தப்புதான்" என்று சொல்லிவிட்டுத்தான் ஏறுவார். அப்படிச் சொல்லாதவருக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து ஓட்ட ஆள் கிடைக்காது. நூறு வருடமாக இப்படித்தான். எங்கள் மேற்கு ஃபிளாண்டர்ஸ் மாகாணத்தில் பாதிரியார் பேச்சைக்கூட மறுத்துப் பேசுவார்கள், இதை யாரும் மறுத்து நான் கேட்டதில்லை.

இந்தச் சட்டத்தால் தப்பித்தவள் லீஸ்பெத். தப்பித்த நாளிலிருந்து அவளுக்கு நிம்மதி போய்விட்டது.

லீஸ்பெத்துக்கு நாற்பத்தோரு வயது. மூர்வேல்டா ஊரின் ஓரத்தில் காய்கறிகளை உறையவைத்துப் பொட்டலம் கட்டும் தொழிற்சாலை இருக்கிறதே, அங்கே வேலை. ஓடும் பட்டையில் பட்டாணி ஆறாக வரும். கறுத்தது, சொத்தை, காம்பு எது கண்ணில் பட்டாலும் எடுத்துப் போட வேண்டும். யோசித்து எடுக்க நேரம் கிடையாது. கண் பார்க்கும்போதே கை போயிருக்க வேண்டும். பதினான்கு வருடத்தில் அவள் கை அப்படிப் பழகிவிட்டது.

இரண்டாவது குழந்தை பிறந்த பிறகு உடம்பு இளைக்கத்தான் சைக்கிளில் ஏறினாள். பிறகு பைத்தியம் பிடித்துவிட்டது. ஊர் மகளிர் அணியின் பச்சைச் சட்டையைப் போட்டாள், பந்தய லைசென்ஸ் எடுத்தாள். அணிக்குப் பயிற்சி கொடுக்கிற டீனா பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியை. எதையும் எண்ணால் அளப்பவள். நெஞ்சில் ஒரு பட்டையைக் கட்டிவிட்டு, கைப்பிடியில் சின்னக் கருவி ஒன்றை மாட்டினாள். அதில் இதயத்துடிப்பு எண்ணாகத் தெரியும். "நூத்தி எழுபத்தி ரெண்டுக்கு மேல போகாத. போனா கடைசிச் சுத்துல கால் இருக்காது" என்று லீஸ்பெத்திடம் சொல்லிவைத்தாள். லீஸ்பெத் அதை வேதமாக எடுத்துக்கொண்டாள்.

போன ஆகஸ்டில் பக்கத்து ஊர்த் திருவிழாப் பந்தயம். ஆறாவது சுற்று. மக்காச்சோளக் காட்டு நடுவே ஒடுக்கமான கான்கிரீட் சாலை. கடல் பக்கமிருந்து பக்கக்காற்று வெளுத்து வாங்கியது. இப்படிக் காற்றடித்தால் முன்னால் இருக்கும் பலசாலிகள் சாலையின் குறுக்கே சாய்வாக விசிறி விரித்தாற்போல ஓட்டுவார்கள். ஒருத்திக்கு இன்னொருத்தி மறைவு. விசிறியில் இடம் கிடைக்காதவர்கள் சாலையின் வலது ஓரத்தில் ஒரே வரிசையில், காற்றில் கிழிந்துகொண்டே வர வேண்டும். லீஸ்பெத் அந்த வரிசையில் இருந்தாள். அவளுக்குப் பின்னால், ஒரு சாண் இடைவெளியில், அவளுடைய சிநேகிதி அன்னிக்.

மூச்சு முட்டியது. லீஸ்பெத் குனிந்து கருவியைப் பார்த்தாள். கூட்டத்துக்குள் அதைப் பார்க்கவே கூடாது என்று எல்லோருக்கும் தெரியும், எல்லோரும் பார்ப்பார்கள். நூற்று எண்பத்து மூன்று. சொத்தைப் பட்டாணியைக் கண்டதுபோல, அவள் நினைப்பதற்கு முன்பே விரல்கள் போய்விட்டன. பிரேக்கைப் பிடித்தாள். ஒரு கண் சிமிட்டும் நேரம்தான். உடனே விட்டுவிட்டாள்.

பின்னால் தகரம் நொறுங்குகிற சத்தம் கேட்டது.

அன்னிக்கின் காறை எலும்பு மூன்றாக முறிந்தது. தோள் மூட்டு பிசகிவிட்டது. ஊரில் பாதிப் பேருக்கு முடி வெட்டுகிறவள் அவள். வலது கையைத் தூக்காமல் என்ன முடி வெட்டுவது? ஐந்து மாதம் கடை சாத்திக் கிடந்தது. மறுநாள் மருத்துவமனைக் கட்டிலில் படுத்துக்கொண்டு அன்னிக் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"நீ பிரேக் எதுவும் புடிச்சியாடி?"

"இல்ல."

"எனக்குத் தெரியும். நான்தான் ரொம்ப ஒட்டிட்டேன். என் தப்பு."

லீஸ்பெத் உண்மையை மறுநாளே சொல்லியிருக்கலாம். அதற்கு அடுத்த நாள் சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு நாளாகத் தள்ளத் தள்ள, ஒப்புக்கொள்ள வேண்டிய தப்பு ஒன்றுக்கு இரண்டானது: பிரேக் பிடித்ததும், இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்ததும்.

பிப்ரவரியில் அன்னிக் திரும்பி வந்தாள். டீனா எல்லோரையும் கால்பந்து மைதானத்துக்குக் கூட்டிப்போனாள். விழுந்த பயம் போக வேண்டுமென்றால் புல்லில்தான் பழக வேண்டும், விழுந்தாலும் மெத்தைதான். தோளோடு தோள் இடித்துக்கொண்டு ஓட்டச் சொன்னாள். ஓடுகிறபோதே குனிந்து தரையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுக்கச் சொன்னாள். முன்னால் போகிறவளின் பின்சக்கரத்தில் முன்சக்கரத்தை வேண்டுமென்றே உரசி, விழாமல் சமாளிக்கச் சொன்னாள். அதற்கப்புறம் கால்வாய்க் கரையில் இரண்டு மணி நேரம், மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே போகிற வேகத்தில் ஓட்டம்.

அன்னிக் யாருடைய சக்கரத்தையும் மூன்று மீட்டருக்குக் கிட்டே நெருங்கவில்லை.

"ஏய் அன்னிக், நடுவுல என் மாமியா டிராக்டர ஓட்டிட்டுப் போகலாம் போலிருக்கே" என்றாள் ரீட்டா. கறிக்கடைக்காரரின் பெண்டாட்டி, அணியிலேயே மூத்தவள், வாய் சும்மா இருக்காது.

"உன் மாமியாவுக்கு அந்த இடம் பத்தாது" என்றாள் அன்னிக். எல்லோரும் சிரித்தார்கள். அவள் நெருங்கத்தான் இல்லை.

டீனா வரிசையை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தாள். கடைசியில் லீஸ்பெத்தின் பின்னால் விட்டபோது இடைவெளி குறைந்தது. இரண்டு மீட்டர். ஒன்று. மார்ச் மாதம் ஒரு முழம். டீனாவுக்கு வாயெல்லாம் பல். "அவ்ளோதான். இனிமே நீங்க ரெண்டு பேரும் ஜோடி. லீஸ்பெத் முன்னாடி, அன்னிக் பின்னாடி" என்றாள்.

அந்த மாதமே லீஸ்பெத் முடி வெட்டிக்கொள்ள அன்னிக்கின் கடைக்குப் போனாள். போகாமல் இருந்தால் ஏன் வரவில்லை என்று கேட்பாளே. கழுத்தைச் சுற்றித் துணியைக் கட்டிவிட்டு, அன்னிக் பின்னால் நின்று மெதுவாக வெட்டினாள். காதருகே வந்ததும் கத்தரி நின்றது. மறுபடி போனது. மறுபடி நின்றது.

"என்னடி ஆச்சு?"

"பயமா இருக்கு. போன வாரம் பேக்கரிக்காரி காதுல பட்டுடுச்சு. ரத்தம் வந்துச்சு. அவ சிரிச்சிட்டா, எனக்குத்தான் அழுகை."

"சின்னக் கீறலா இருக்கும்."

"சின்னதோ பெருசோ, எனக்குத் தூரம் தெரியலடி. அன்னைக்கும் தெரியல. உனக்கும் எனக்கும் நடுவுல ஒரு சாண் இருக்குன்னு என் கண்ணு சொல்லுச்சு. இருந்திருக்காது. இருந்திருந்தா ஏன் விழறேன்? உனக்கே தெரியுமே, கண் டாக்டர்கிட்ட ரெண்டு தரம் போயிட்டேன். பழுது ஒண்ணும் இல்லங்கறாரு. அப்ப மூளையிலதான் ஏதோ கோளாறு. இப்பல்லாம் கார நிறுத்தறதுக்கே ரெண்டு கார் இடம் பாக்கறேன்."

லீஸ்பெத் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தாள். காதுவரைக்கும் சிவந்திருந்தது. இப்போது சொல், இப்போது சொல் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. வாய் திறந்தது, "முடியில ஈரம் போதுமா?" என்று கேட்டது.

"ஜூன்ல நம்மூர்த் திருவிழாப் பந்தயம் இருக்குல்ல" என்றாள் அன்னிக். "அதுல கூட்டத்தோட ஒட்டி ஓட்ட முடியலேன்னா லைசென்ஸத் திருப்பிக் குடுத்துடறேன். கடையையும் மூடிடலாம்னு இருக்கேன். கையில கத்தரி வெச்சிக்கிட்டுத் தூரம் தெரியாதவ இந்தத் தொழில் செய்யலாமா? நீ இருக்கறதாலதான் கொஞ்சம் தெம்பு. ஊர்லயே உன் சக்கரம் ஒண்ணுதான் எனக்கு நம்பிக்கை."

வீட்டுக்கு வந்து புருஷனிடம் சொன்னாள். ப்ராம் கொத்தனார், நல்ல மனுஷன். பட்டாணிச் சூப்பில் ரொட்டியை முக்கிக்கொண்டே கேட்டான்.

"அவ எலும்பு கூடிடுச்சுல்ல?"

"கூடிடுச்சு."

"அப்ப விடேன். பின்னாடி வர்றவதான் பாத்து வரணும். பிரேக் புடிச்சாலும் புடிக்காட்டியும் அதான கணக்கு? இப்பப் போயி சொன்னா உன் பின்னாடி எவளும் வரமாட்டா. பத்து வருஷமா பாடுபட்டு சேத்த பேரு."

"அவளுக்குத் தன் கண்ணு மேலயே நம்பிக்கை போயிடுச்சு ப்ராம்."

"வந்துடும்" என்று சொல்லி அவன் இன்னொரு கரண்டி சூப் ஊற்றிக்கொண்டான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. அவனும் இந்த ஊர்க்காரன்தானே.

ஜூன் கடைசி ஞாயிறு. சர்ச்சுக்கு எதிரே ராட்டினமும் உருளைக்கிழங்கு வறுவல் வண்டியும் வந்து நின்றுவிட்டன. பந்தய எண் எழுதிய துணியைக் கஃபேயில் கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும். பிறகு ஒருவர் முதுகில் ஒருவர் ஊக்கு குத்திக்கொள்ள வேண்டும். அன்னிக் லீஸ்பெத்தின் முதுகில் நாலு மூலையிலும் குத்திவிட்டு, சுருக்கம் இல்லாமல் தடவிக்கொடுத்தாள். காலையிலிருந்து லீஸ்பெத் மூன்று முறை கழிப்பறைக்குப் போய் வந்திருந்தாள். பந்தயத்துக்கு முன்னால் சொன்னால் அன்னிக் கலங்கிப்போவாள், அதனால் முடிந்த பிறகு சொல்லலாம் என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டாள். சாக்கு என்று அவளுக்கே தெரியும்.

எட்டுச் சுற்று. முதல் இரண்டும் சும்மா போயின. மூன்றாவதில் காற்று கிளம்பியது. விசிறி விரிந்தது, லீஸ்பெத்துக்கு மறுபடி சாலையோரத்து வரிசைதான் வாய்த்தது. திரும்பிப் பார்க்காமலே பின்னால் இருப்பது யார் என்று அவளுக்குத் தெரிந்தது. அன்னிக்கின் மூச்சு அவள் இடுப்பருகே கேட்டது. ஒரு சாண், அதற்கு மேல் இராது.

கைப்பிடியிலிருந்து கருவியை அவள் காலையிலேயே கழற்றிவிட்டிருந்தாள். ஆனால் விரல்களைக் கழற்றி வைக்க முடியுமா? பத்து விரலையும் கண்காணித்துக்கொண்டே ஓட்டினாள். கால் வலியும் தெரியவில்லை, காற்றும் தெரியவில்லை. "பிடிக்காதே, பிடிக்காதே" என்று உதடு முணுமுணுத்துக்கொண்டிருந்தது. ஐந்தாவது சுற்றில் முன்னால் போனவள் தடுமாறி திடீரென்று மெதுவானாள். லீஸ்பெத்தின் ஆள்காட்டி விரல் பிரேக்கின் மேல் போய் உட்கார்ந்துவிட்டது. ஒரு நொடி. இவள் பிடித்தால் பின்னால் இருப்பவள் மறுபடி கான்கிரீட்டில். விரலை அழுத்தாமல் அப்படியே வைத்துக்கொண்டு, புல்லோரமாக ஒதுங்கி, உரசாமல் கடந்தாள். அன்னிக் கொஞ்சமும் தயங்காமல் அதே வழியில் வந்தாள். நம்பி வந்தாள். அந்த நம்பிக்கைதான் லீஸ்பெத்தின் கண்ணில் நீரை வரவழைத்தது. காற்று என்று பார்க்கிறவர்கள் நினைத்திருப்பார்கள்.

பத்தொன்பதாவதாகவும் இருபதாவதாகவும் வந்தார்கள். முப்பத்தாறு பேரில் அது ஒன்றும் கேவலமில்லை.

கஃபேக்குப் பின்னால் அணியின் வேன் நின்றது. கதவைத் திறந்துபோட்டு, இருவரும் அதன் விளிம்பில் உட்கார்ந்து ஈரத் துணியால் காலில் இருந்த மண்ணைத் துடைத்தார்கள். அன்னிக் சிரித்துக்கொண்டே இருந்தாள். பத்து மாதத்தில் அவள் இப்படிச் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

"இனிமே செத்தாலும் உன் பின்னாடிதான்டி" என்றாள். "என் கண்ணு இருந்தா என்ன இல்லாட்டி என்ன. நீ பாத்துக்குவ."

அதற்குமேல் லீஸ்பெத்தால் முடியவில்லை.

"அன்னிக், நான் அன்னைக்கு பிரேக் புடிச்சேன்."

அன்னிக்கின் கையில் துணி நின்றது.

"நம்பரப் பாத்தேன். நூத்தி எண்பத்தி மூணு. பயந்து புடிச்சிட்டேன். ஆஸ்பத்திரில நீ கேட்டப்ப பொய் சொன்னேன். நீ ஒரு சாண்லதான் இருந்த. சரியாத்தான் இருந்த. உன்மேல தப்பே இல்ல."

அன்னிக் நிமிர்ந்தாள். திட்டுவாள், அறைவாள் என்று லீஸ்பெத் காத்திருந்தாள். அன்னிக் தன் கையை முகத்துக்கு நேரே நீட்டி, விரல்களை விரித்துப் பார்த்தாள். பிறகு அந்தக் கைக்கு அப்பால் இருந்த சுவரைப் பார்த்தாள். மறுபடியும் கையைப் பார்த்தாள்.

"அப்ப என் கண்ணு சரியாத்தான் இருந்திருக்கு" என்றாள்.

"ஆமா."

"கண் டாக்டர்கிட்ட என்னோட வந்தியே. ரெண்டாவது தடவ. நீதான கார் ஓட்டிட்டு வந்த?"

லீஸ்பெத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"வெளிய உக்காந்து பத்திரிகை படிச்சிட்டு இருந்தியேடி" என்று சொல்லும்போது அன்னிக்கின் குரல் உடைந்தது. எழுந்தாள். "உள்ள எல்லாரும் இருக்காங்க. ஆம்புலன்ஸ்ல ஏறறப்ப நான் எல்லார் முன்னாடியும் என் தப்புன்னு சொன்னேன். நீயும் எல்லார் முன்னாடியும் சொல்லு. நான் வரமாட்டேன். நீயே போ."

லீஸ்பெத் போனாள். கஃபேயில் பீரும் மாட்டுக்கறிக் குழம்பு ஊற்றிய வறுவலுமாக எல்லோரும் அமர்க்களமாக இருந்தார்கள். அவள் மேசை அருகே நின்று சொன்னாள். மூன்று வாக்கியம். சொல்லி முடிப்பதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது.

யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. டீனா மட்டும் முகம் சிவக்கக் கேட்டாள்.

"கூட்டத்துக்குள்ள அதப் பாக்கச் சொன்னேனா நான்?"

"இல்ல."

ரீட்டா, வாய் ஓயாத ரீட்டா, தன் தட்டைப் பார்த்துக்கொண்டு, "பத்து மாசம்" என்றாள்.

எங்கள் ஊரில் யாரையும் அணியை விட்டு நீக்குவதில்லை. அது தேவைப்படுவதும் இல்லை. அடுத்த ஞாயிறு காலை எட்டரைக்கு வழக்கம்போலக் கஃபே வாசலிலிருந்து இருவர் இருவராகக் கிளம்பினார்கள். லீஸ்பெத்தும் போனாள். "போகாதே" என்று ப்ராம் சொல்லியும் கேட்கவில்லை. பக்கத்தில் யாரும் வரவில்லை. அது பரவாயில்லை. ஆனால் அவள் முன்னால் நகர்ந்தால் அவளுக்குப் பின்னால் இருப்பவர்கள் சத்தமில்லாமல் ஒதுங்கி வேறு சக்கரத்துக்குப் போய்விடுவார்கள். கொஞ்ச நேரத்தில் அவள் எங்கே இருந்தாலும் வரிசையின் கடைசியாகிவிடுவாள். முதுகுக்குப் பின்னால் காலியாக இருப்பது அத்தனை குளிரும் என்று அவளுக்கு அதற்கு முன் தெரியாது. அன்னிக் எப்போதும் முன்வரிசையில் இருந்தாள். ஒருமுறைகூடத் திரும்பவில்லை. யாருடைய சக்கரமாக இருந்தாலும் இப்போது ஒரு சாணில் ஒட்டிக்கொண்டாள்.

வாரத்தின் நடுவில் ஒருநாள் வேலை விட்டு வரும்போது முடிவெட்டும் கடைக் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். நாற்காலியில் பேக்கரிக்காரி. அவள் காதைச் சுற்றிக் கத்தரி நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. அன்னிக் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டே வெட்டினாள். லீஸ்பெத் எதிர்ப்புறத்தில் நின்று அந்த வேலை முடிகிறவரை பார்த்தாள். அவளுடைய தலைமுடி காதுக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே போகத் துணிவு வரவில்லை. வேறு கடைக்குப் போகவும் மனம் வரவில்லை.

இரண்டாவது ஞாயிறும் மூன்றாவது ஞாயிறும் அப்படியே போயின. ஆனாலும் ஞாயிறு காலையில் டயருக்குக் காற்று அடித்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். போகாமல் நின்றுவிட்டால் தப்பித்ததாகிவிடும் என்று அவளுக்கு ஒரு பிடிவாதம்.

நான்காவது ஞாயிறு கால்வாய்க் கரையில் எதிர்க்காற்று. லீஸ்பெத் கடைசியில் தனியாக மிதித்துக்கொண்டிருந்தாள். முன்வரிசையிலிருந்து ஒரு பச்சைச் சட்டை ஓரமாக விலகி, மிதிப்பதை நிறுத்தி, வரிசை முழுவதும் தன்னைக் கடந்து போகவிட்டுக்கொண்டு பின்னால் நழுவி வந்தது. அன்னிக். லீஸ்பெத்துக்குப் பக்கத்தில் வந்தபோது அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவளையும் கடந்து பின்னால் போனாள். சங்கிலி மறுபடி ஓடும் சத்தம் கேட்டது.

"ஒரு மீட்டர் தள்ளித்தான் வருவேன்" என்றாள் பின்னாலிருந்து.

"சரி."

கொஞ்ச தூரம் போன பிறகு, "இப்போதைக்கு" என்றாள்.

வாய் திறந்தால் லீஸ்பெத் அழுதுவிடுவாள், அழுதால் சக்கரம் கோணும். கண்ணை முன்னால் வைத்துக்கொண்டு, வேகம் கூடாமல் குறையாமல் மிதித்தாள்.